பாட்டிலின் பின்பக்கம்

துணியில் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை லிங்கசாமி முதலாளி பீர் பாட்டிலின் முதுகில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எதிரே சிவராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கண்ணாடிக்குத் தப்பிய ஓட்டையும் கிடையாது, அறுந்த இழையும் கிடையாது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"சிவராஜு."

"சொல்லுங்க முதலாளி."

"முன்னாடி என்ன போட்டிருக்குது?"

"ஸ்கோவ்போர்க்குங்க. டென்மார்க் பீருங்க."

"பின்னாடி?"

சிவராஜ் குனிந்து பார்த்தான். பின்பக்க லேபிளின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. லைசென்ஸின் பேரில் இந்தியாவில் காய்ச்சி அடைக்கப்பட்டது என்று சொன்னது அந்த வரி. அதற்கும் கீழே பாண்டிச்சேரிப் பக்கத்து விலாசம்.

"பேரும் பக்குவமும் அவியளதுதானுங்க. காய்ச்சறது மட்டும் நம்ம பக்கமுங்க."

"அப்ப இது டென்மார்க் பீரு இல்ல கண்ணு. டென்மார்க் பேரு வெச்ச பாண்டிச்சேரி பீரு."

"நாமளும் அப்படித்தானுங்களே முதலாளி? அவிய கம்பெனி பேரைப் போட்டு நம்ம வீரபாண்டீல தெச்சு அனுப்பறோம்."

"பனியன் வேற. அதை அவன் வேணும்னு கேட்டு வாங்கறான். இது நாம வீடு தேடி வர்ற ஒறம்பரைக்கு வெக்கறது. ஒறம்பரைக்குப் போயி டூப்ளிகேட் வெப்பாங்களா?"

சிவராஜுக்குப் பீரைப் பற்றி இருந்த அறிவெல்லாம் இன்று காலையில் சேர்ந்ததுதான். பிறந்ததிலிருந்து டீக்கு மேல் எதையும் தொட்டறியாதவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடை வரிசையில் நின்று அந்த ஒரு பெட்டியை வாங்கி வந்திருந்தான். வரிசையில் பின்னால் நின்றவர் ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்த்து, "என்னங்க சிவராஜு, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டது தனிக் கதை.

விஷயம் இதுதான். டாலர் விலை நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி, ஏற்றுமதிக்காரர்களின் வரும்படியைக் கடித்த வருஷம் அது. திருப்பூரில் யாரைப் பார்த்தாலும், வணக்கம் சொல்லுவதற்கு முன்னால் டாலர் என்ன என்று கேட்டார்கள். லிங்கசாமி முதலாளியின் பழனியம்மாள் நிட்ஸில் ஏற்கெனவே ஒரு தையல் லைன் நின்றுபோயிருந்தது. மிச்சமிருப்பவை ஓட வேண்டுமென்றால் டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் ஹென்ரிக் துரை கோடை சீசன் ஆர்டரைக் கொடுத்தாக வேண்டும். இத்தனை நாளும் ஈமெயிலில் மட்டுமே பேசியவர், முதல் தடவையாக நேரில் வருகிறார். நாளை பிற்பகல் கோயமுத்தூரில் இறங்குகிறார்.

கம்பெனியின் மெர்ச்சண்டைசர் சிவராஜ். அதாவது பையர் சொல்வதை முதலாளிக்கும், முதலாளி சொல்வதைப் பையருக்கும், இருவரும் சொல்லாததைத் தையல்காரர்களுக்கும் சொல்லுகிற வேலை. அவன் மனைவி சித்ரகலா அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆர்டர் போனால் அவர்கள் வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் வேலையில்லாமல் உட்கார வேண்டும். அதை நினைத்துத்தான் அவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலாளிக்கு இருந்ததோ வேறு கவலை. மங்கலம் ரோட்டில் ஒரு போட்டிக் கம்பெனி, வந்த பையருக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டையே வரவழைத்துப் போட்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஹென்ரிக்குக்கு ஹென்ரிக் ஊர் பீர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அவிய ஊர்ல காய்ச்சுனதுதான் வேணும் கண்ணு. என்ன பாடுபட்டாவது கொண்டா," என்று பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சிவராஜ் போனை எடுத்து முதலில் கூப்பிட்டது குமாரவேலை. லேபிளும் டேகும் அச்சடிக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறவன் குமாரவேல். எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் அவன் வாயிலிருந்து வராது. அதனால் அவனிடம் போகிறவர்களுக்கு அநேகமாகச் சங்கடம்தான்.

"ஃபாரின் பீருங்களா? என்ற மச்சான் போன வாரந்தான் வெளிநாட்டுல இருந்து வந்தானுங்க. பொட்டியில அதே பேரு போட்டு டின்னு டின்னா வெச்சிருக்கறான்."

"ஸ்கோவ்போர்க்கா? நல்லாப் பாத்தீங்களா?"

"பச்சை டின்னு, தங்கக் கிரீடம். அதேதானுங்க."

மத்தியானத்துக்குள் ஆறு டின்கள் முதலாளியின் மேஜையில் வரிசையாக நின்றன. முதலாளியின் முகம் மலர்ந்தது. சிவராஜின் முகம் அதற்கும் மேலே மலர்ந்தது. ருசி பார்த்துவிடலாம் என்று முதலாளி ஒன்றை உடைத்து ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். டின்னை வைத்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"ஏஞ்சிவராஜு, இருமலுக்குக் குடுக்கற டானிக்காட்ட இருக்குதே?"

சிவராஜ் டின்னைத் திருப்பினான். பாதி எழுத்து அரபியில் இருந்தது. மீதிப் பாதியைப் படித்ததும் டின்னை மெதுவாக மேஜையில் வைத்தான்.

"படி."

"லைசென்ஸின் பேரில் வளைகுடாவுல தயாரிச்சதுங்க."

"அப்புறம்?"

"ஆல்கஹால் இல்லாததுங்க."

முதலாளி டின்னை விரலால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"இந்த டென்மார்க்காரனுக அவிய ஊர்ல ஏதாச்சும் காய்ச்சறாங்களா, இல்ல ஊரு ஊராப் பேரை மட்டும் வாடகைக்கு உட்டுட்டுத் திரியறாங்களா?"

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போன் போட்டார்கள். அங்கேயும் பாண்டிச்சேரிச் சரக்குதான். சென்னையில் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் அடுத்த வாரம் கப்பலில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். ஹென்ரிக் அடுத்த வாரம் கப்பலைவிட வேகமாக டென்மார்க் போய்ச் சேர்ந்திருப்பார்.

அப்போதுதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. வந்த யோசனை அவருக்கே பிடித்துப்போய், நாற்காலியைச் சுற்றிவிட்டுக்கொண்டார்.

"சிவராஜு, நாம எந்த ஊர்ல இருக்கறோம்?"

"திருப்பூருங்க."

"திருப்பூர்ல லேபிள் மாத்தறதுக்கா ஆளு இல்ல?"

சிவராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஹென்ரிக்கைப் பற்றி அவனுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு லாட்டில் நாட்டின் பெயர் போட்ட லேபிள் இடம் மாறிப் போனதற்கு, மொத்தச் சரக்கையும் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்ன புண்ணியவான். ஓட்டையைக்கூட மன்னிப்பார், லேபிளை மன்னிக்க மாட்டார்.

"முதலாளி, அவரு லேபிள் விசயத்துல ரொம்பக் கறாருங்க. தெரிஞ்சா..."

"பனியன்ல மாத்துனா அது மோசடி. பாட்டில்ல மாத்துனா அது உபசாரம். போயி வேலையைப் பாரு கண்ணு."

குமாரவேல் வழக்கம்போல் முடியாது என்று சொல்லவில்லை. பாண்டிச்சேரி வரியை மறைக்கிற அளவுக்கு ஒரு ஸ்டிக்கர், அதில் 'டென்மார்க்கில் காய்ச்சி அடைக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அவ்வளவுதானே என்றான். சாயங்காலமே மாதிரி வந்தது. எழுத்து அழகாக இருந்தது. டென்மார்க்குக்குக் கீழே நூறு சதவீதம் காட்டன் என்றும் இருந்தது. அதற்குக் கீழே நாற்பது டிகிரித் தண்ணீரில் துவைக்கவும் என்பதற்கான தொட்டிப் படமும், இஸ்திரி போடக்கூடாது என்பதற்காகக் குறுக்கே அடித்த இஸ்திரிப் பெட்டியும்.

"இது எதுக்குங்க குமாரவேலு?"

"அது எல்லா லேபிள்லயும் வந்துருமுங்க. எங்க கம்ப்யூட்டருக்கு அது பழக்கம்."

"பீரை யாருங்க துவைப்பாங்க?"

"யாரும் துவைக்க மாட்டாங்க. ஆனா போட்டிருந்தா ஒரு லுக்கா இருக்குமுங்க."

காட்டனை எடுக்கச் சொல்லி, தொட்டியை எடுக்கச் சொல்லி, இஸ்திரிப் பெட்டியை எடுக்கச் சொல்லி, சிவராஜ் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாங்கி வந்தான். மறுநாள் காலை அதை முதலாளி கலர் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் விளக்கில் ஒரு தரம், கடை விளக்கில் ஒரு தரம் பார்த்தார். பாட்டிலில் இருக்கிற பச்சையைவிட ஸ்டிக்கரில் பச்சை அரைப்புள்ளி மஞ்சளடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார். குமாரவேல் மறுபடியும் அச்சடித்தான். மத்தியானம் ஆகிவிட்டது. ஹென்ரிக்கை அழைத்துவர டிரைவர் மூக்கையா கோயமுத்தூருக்குக் கிளம்பியும் போய்விட்டார்.

ஒட்டுகிற வேலைக்குச் சிவராஜ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போன இடம் செக்கிங் பிரிவு. மேஜையில் பாட்டில்களைப் பார்த்த சித்ரகலா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"மெதுவாப் பேசு சித்ரா. ஸ்டிக்கர் ஒட்டோணும். உன்ற கை மாதிரி நேரா யாருக்கும் வராது."

அவள் ஸ்டிக்கரைப் படித்தாள். பிறகு பாட்டிலைப் படித்தாள். பிறகு புருஷனைப் படித்தாள்.

"இது பொய்யி லேபிளாச்சே. அந்தாளு கண்டுபிடிச்சுட்டான்னு வெச்சுக்குங்க, பீருலயே மாத்தறவிய பனியன்ல மாத்த மாட்டாங்களான்னு கேப்பானா மாட்டானா?"

"கேப்பான்தான்."

"நம்ம ரெண்டு பேருத்துக்கும் இந்த ஒரே கம்பெனிக் கேட்டுதானுங்க சோறு போடுது."

"முதலாளிகிட்ட நீ வந்து சொல்றயா?"

சித்ரகலா வரவில்லை. முதலாளியிடம் போய் எதையும் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அவர் மனைவி சாரதாமணி அம்மா. அவரும் தன் பங்குக்கு, "என்ற ஊட்டுக்குள்ள பாட்டிலு வந்துதுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவன்" என்று சொல்லியிருந்தார். அதனால்தான் விருந்தே கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு மாறியிருந்தது.

சித்ரகலா முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினாள். முணுமுணுத்தாலும் கை நேராகத்தான் போனது. உதவிக்கு வந்த பெண்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் சைஸ் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். எல்லாம் லார்ஜ். சிவராஜ் அதைக் கவனிப்பதற்குள் ஒரு பாட்டிலில் ஸ்டிக்கர் கோணலாக விழுந்துவிட்டது. சித்ரகலா அதைப் பிரித்தெடுத்தாள். பிரித்ததும் பாண்டிச்சேரி வரி முழுசாக வெளியே தெரிந்தது. செக்கிங்கில் பழுது கண்ட இடத்தைக் காட்டச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவார்கள். அவளும் ஒட்டினாள். அம்பு சரியாக அந்தப் பொடி வரியைக் குத்திக்கொண்டு நின்றது.

"இது ரிஜெக்ட். தனியா வெச்சிருக்கறேன்," என்றாள்.

"வெய்யி, வெய்யி," என்று சிவராஜ் வாசலைப் பார்த்து ஓடினான். மூக்கையாவின் காரின் ஹாரன் கேட்டது.

ஹென்ரிக் ஆறடிக்கு மேல் உயரம். வெயிலில் சிவந்து, களைத்து, ஆனால் சிரித்த முகமாக இறங்கினார். முதலாளி சால்வை போர்த்தினார். பின்னாலேயே மூக்கையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மொதலாளி, ஒரு சங்கதி..." என்று ஆரம்பித்தார். மூக்கையா சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஏர்போர்ட்டுக்கும் திருப்பூருக்கும் ஓட்டி ஓட்டியே வெள்ளைக்காரர்களோடு பேசப் பழகியவர்.

"அப்புறம் பேசிக்கலாம். போயிச் சாப்புடுப்பா," என்றார் முதலாளி.

ஹென்ரிக் தையல் லைனைப் பார்த்தார், சாம்பிளைப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். கழுத்து லேபிளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆர்டர் பேப்பர் அவர் தோல்பைக்குள்ளேயே இருந்தது. இருட்டுகிற நேரத்துக்குச் சாம்பிள் ரூமுக்கு அழைத்துப் போனார்கள்.

மேஜையில் கோழி வறுவல், பரோட்டா, தேங்காய்ச் சில்லுப் போட்ட பள்ளிபாளையம் சிக்கன், நடுவில் ஐஸ் பக்கெட்டிலிருந்து எடுத்து வரிசையாக நிறுத்திய பாட்டில்கள். முதலாளி எழுந்து நின்றார். பேச வேண்டியதை நேற்றே சிவராஜிடம் ஆங்கிலத்தில் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்.

"மிஸ்டர் ஹென்ரிக். யுவர் கண்ட்ரி பீர். ஒரிஜினல். ஃபுல் டென்மார்க்."

ஹென்ரிக் ஒரு பாட்டிலை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். புருவம் கொஞ்சம் இறங்கியது. திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. "ரொம்ப நன்றி, ரொம்ப அன்பு," என்று ஆங்கிலத்தில் சொல்லி, பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

முதலாளி மேஜைக்கடியில் சிவராஜின் காலை மிதித்தார்.

"என்னப்பா, குடிக்க மாட்டங்கறாரு?"

"தெரீலீங்களே."

இந்த நேரத்தில்தான் சிவராஜ் கவனித்தான். குமாரவேலின் பசை துணிக்கும் அட்டைக்கும் செய்த பசை. வியர்க்கிற பாட்டிலைப் பற்றி அந்தப் பசைக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐஸிலிருந்து வந்த பாட்டில்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. அவன் கண்ணெதிரே ஒரு 'டென்மார்க்' மெதுவாக நழுவிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சிவராஜ் பாய்ந்து அந்தப் பாட்டிலைப் பிடித்துக் கட்டைவிரலால் ஸ்டிக்கரை அமுக்கிக்கொண்டான். பக்கத்துப் பாட்டிலில் இன்னொரு டென்மார்க் கிளம்பியது. அதை இடது கையில் பிடித்தான். முதலாளிக்கு விஷயம் புரிந்து அவரும் இரண்டு பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கு இரண்டு பாட்டிலோடு, சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், ஹென்ரிக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹென்ரிக்கும் மரியாதைக்குச் சிரித்தார். இந்த ஊரில் பீரைக் குடிப்பதில்லை, கையில் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம் போலும் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது.

பையர் கண் என்று ஒன்று உண்டு. ஆயிரம் பனியனைக் கொட்டி வைத்தாலும் பழுதான ஒன்றில்தான் போய் விழும். ஹென்ரிக்கின் கண் பாட்டில் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. பரிமாற வந்த ஆள், தனியாக வைத்திருந்த ரிஜெக்டையும் சேர்த்துத்தான் ஐஸ் பக்கெட்டில் போட்டிருந்தான். அந்தப் பாட்டிலில், உலகத்தில் எந்தப் பையருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லாத சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

ஹென்ரிக் எழுந்து போய் அதை எடுத்தார். அம்பு காட்டிய இடத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி இன்னொரு தரம் படித்தார். தோல்பையிலிருந்து கேமராவை எடுத்து, பாட்டிலை விளக்கருகே பிடித்து, அந்த வரியை மட்டும் இரண்டு படம் எடுத்தார்.

"சாட்சி எடுக்கறாரு," என்றார் முதலாளி உதடு அசையாமல்.

சிவராஜுக்கு நின்றுபோன தையல் லைன் கண்ணில் தெரிந்தது. செக்கிங் மேஜையில் சித்ரகலா இல்லாத நாற்காலி தெரிந்தது.

ஹென்ரிக் அம்புப் பாட்டிலை ஒரு கையிலும், இன்னொன்றை மறு கையிலும் பிடித்து அவனிடம் கேட்டார். "இதில் டென்மார்க் என்று இருக்கிறது. இதில் இந்தியா என்று இருக்கிறது. எது சரி?"

முதலாளி மறுபடியும் அவன் காலை மிதித்தார். இந்த முறை நிஜமாகவே வலித்தது. சிவராஜ் ஒரு நொடி முதலாளியைப் பார்த்தான், ஒரு நொடி கதவைப் பார்த்தான். கதவிடுக்கில் சித்ரகலா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு இனிமேல் ஒரு பொய்யைத் தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது. கையிலிருந்த பாட்டில்களை மேஜையில் வைத்தான். இரண்டு டென்மார்க்கும் தாராளமாக வழிந்து பரோட்டாத் தட்டில் விழுந்தன.

"அம்பு போட்டதுதான் சரி," என்றான் ஆங்கிலத்தில். "மற்றதெல்லாம் நாங்கள் ஒட்டியது. உங்கள் ஊர் பீரையே உங்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டோம், கிடைக்கவில்லை. பனியனில் நாங்கள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. தப்பு என்னுடையது."

"எல்லாப் பாட்டிலும் இந்தியாவில் காய்ச்சியதா?"

"எல்லாம்தான்."

"நிச்சயமாக?"

"பாண்டிச்சேரி. விலாசமே இருக்கிறது."

ஹென்ரிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பாட்டில்களைத் தன் பக்கம் நகர்த்தினார். நகத்தால் ஒவ்வொரு ஸ்டிக்கராகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். எடுத்து, அடியிலிருந்த வரியைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பிறந்தநாள் பொட்டலம் பிரிக்கிற குழந்தைக்குக்கூட அப்படி ஒரு கவனம் இருக்காது. கடைசி ஸ்டிக்கரை எடுத்து முடித்ததும் அம்புப் பாட்டிலைத் திறந்தார். வாயை எடுக்காமல் பாதி குடித்தார். கண்ணை மூடி, திறந்து, கோழியில் ஒரு துண்டைக் கடித்து, மீதியையும் குடித்தார்.

"பிரமாதம்," என்றார்.

அடுத்த பாட்டிலைத் திறந்துகொண்டே, கழுத்தில் இருந்த ஸ்டிக்கரைத் தட்டி, "லார்ஜ்?" என்று கேட்டுத் தானே சிரித்தார். அதற்கடுத்த பாட்டிலுக்கு முன்னால் தோல்பையைத் திறந்து ஆர்டர் பேப்பரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போனவருஷ ஆர்டரைவிட இது பெரிசு. காலியான அம்புப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தோல்பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற பாட்டில்களையும் ஓட்டலுக்கு எடுத்துப்போகலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். முதலாளி தானே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ஹென்ரிக் காரில் போய் உட்கார்ந்தபிறகு, முதலாளி சாம்பிள் ரூம் வாசலில் நின்று வேட்டியை உதறிக் கட்டினார். கண் கலங்கியிருந்தது. சிவராஜின் தோளில் கைபோட்டார்.

"பாத்தியா கண்ணு? உண்மையைச் சொன்னே பாரு, அதுக்குத்தான் கெடச்சுது இந்த ஆர்டரு. வெள்ளைக்காரன் நாணயத்துக்குத் தலை வணங்கறவன். இனி நம்ம கம்பெனியில ஒரு பொய்யி இருக்கப்படாது."

"ஆமாங்க முதலாளி," என்றான் சிவராஜ். தான் இவ்வளவு நல்லவன் என்று இதுவரை அவனுக்கே தெரியாது. சித்ரகலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது.

"நாணயம்னா இதுதான். இதைக் கம்பெனிக் கேட்டுல போர்டு எழுதி வெக்கோணும்," என்றார் முதலாளி.

பாட்டில் பெட்டியைத் தூக்க வந்த மூக்கையா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"நாணயமெல்லாம் எனக்குத் தெரியாது மொதலாளி. அவுக ஊர்ல யானைப் படம் போட்டு இந்தியாப் பீருன்னு ஒண்ணு விக்காகளாம், திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல 'டென்மார்க்குல காய்ச்சினது'ன்னு இருக்குமாம். 'நெசமாவே இந்தியாவுல காய்ச்சின பீரை ஒரு தடவையாச்சும் குடிச்சுப் பாத்துரணும் மூக்கையா'ன்னு ஏர்போர்ட்டுல ஏறுனதுல இருந்து மனுசன் ஒரே பொலம்பல்."